நவாருக்குப் பெண் பேசியது

முதலில் என் எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடவும், மருந்துப் பொட்டலத்தின் மேல் நாயின் பெயரை எழுதவும்தான். சின்ன ர, பெரிய ற இரண்டும் இன்றும் எனக்கு இடம் மாறி விழும். வரிகளும் நேராக நிற்காது. படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது, நான் வேலை பார்த்த நாய் ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா. தோள்பட்டை போய் நான் வேலையை விட்ட பிறகு, என் இடத்துக்குப் புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் ஆண் நாய்க்கு ஜோடி தேடுகிறவர்கள் செல்போனில் படத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வருவது தடுப்பூசிக்கு மட்டும். "புதுசா வந்தவங்க இதுதான் வழக்கம்னு நினைச்சிடக் கூடாது. நவாரு விஷயத்தை எழுதிக் குடுங்க ஏழுமலை" என்றார். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நான்கு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

நான் முதலில் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் இரும்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டறை வாசலில் லாரியில் அடிபட்ட ஒரு தெருநாயைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கதிர்காமம் போகும் சாலையில் டாக்டரம்மா வைத்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நாய் பிழைக்கவில்லை. டாக்டரம்மா அதை விட்டுவிட்டு என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசி வரைக்கும் அது உங்களைக் கடிக்கலையே, இதுக்கு முன்னால எங்க வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். பட்டறை என்றேன். அடுத்த மாதம் நான் அங்கே வேலையில் இருந்தேன். ஊசிக்கு முடியைச் சிரைப்பது, மேசையைத் துடைப்பது, பயந்த நாயை எழுப்பி நிறுத்துவது எல்லாம் பார்த்துப் பார்த்தே வந்துவிட்டது.

என் முக்கிய வேலை பிடிப்பது. இடது கை கழுத்துக்கு அடியில் போய் நாயின் தலையை என் தோளோடு சேர்க்கும். வலது கை முதுகுக்கு மேலாகப் போய் வயிற்றை அணைக்கும். என் கன்னம் அதன் காதுமேல் இருக்கும். இறுக்கக் கூடாது, விடவும் கூடாது. நாய் பயப்படப் போகிறது என்பது அதற்கே தெரிவதற்கு முன் என் மார்புக்குத் தெரியும். அப்போது நான் மூச்சை மெதுவாக விடுவேன். பெரும்பாலும் அதுவும் விடும். இத்தனை வருடம் செய்த பிறகும் இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆண் நாயை மேட்டிங்குக்கு விடலாமா என்று யாராவது கேட்டு வந்தால், அவர் உள்ளே உட்கார்ந்திருக்க மாட்டார். வாசல் படியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாய் வண்டியிலிருந்து இறங்குவதையும் கேட்டிலிருந்து நடந்து வருவதையும் பார்ப்பார். தடவிக் கொடுக்க மாட்டார், பெயர் கேட்க மாட்டார். பிறகு என்னிடம் கயிற்றைக் கொடுத்து முற்றத்தில் போய் வரச் சொல்வார். பின்னங்கால் எப்படி விழுகிறது, இடுப்பு ஆடுகிறதா என்று பார்ப்பதற்கு. அதற்குப் பிறகுதான் மேசை. பல், இதயம், இடுப்பு மூட்டு, விதைப்பை, கடைசியில் கண். சேர்க்கையில் பரவும் நோய் இருக்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் ரத்தமும் எடுப்பார். எல்லாம் முடிந்ததும் விடலாம், விடக் கூடாது என்று சொல்வதில்லை. கண்டதை எடுத்து வைப்பார். பிறகு ஒரு கேள்வி கேட்பார்.

"இவன் குட்டி யார் வீட்லயோ வளரப்போவுது. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த வீட்டுக்காரர் குட்டியோட உங்க வாசல்ல வந்து நின்னா, அவர்கிட்ட என்ன சொல்வீங்க?"

இதற்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டே போனவர்களும் உண்டு. ஆளைக் கடித்துக்கொண்டிருந்த ஓர் ஆல்சேஷனைக் கொண்டுவந்த பேங்க் அதிகாரி, "ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா அடங்கிடும் டாக்டர்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார். "உங்க வீட்டுக்காரர் அடங்கினாராம்மா?" என்று டாக்டரம்மா அந்த அம்மாளிடம் கேட்டார். "இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் அந்த அம்மாள். இன்னொருவர் ஒரு விதை மட்டும் இறங்கியிருந்த பொமரேனியனோடு வந்து, ஒன்று போதாதா என்று வெட்கத்தோடு கேட்டார். "குட்டி பொறக்க ஒண்ணு போதும் சார். பொறக்கிற பசங்களுக்கும் இதே குறை வந்து, உள்ள தங்கினது பின்னால புத்துக்கட்டியா மாறினா அவங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். அவர் அறுவைக்கே ஒப்புக்கொண்டு போனார்.

நவாரு விஷயம் அப்படி எளிதாக முடியவில்லை.

அவனைக் கொண்டுவந்தது அஞ்சலாட்சி. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடற்கரைக் குப்பத்தில் மீன் வியாபாரம் செய்கிறவர். அவர் கணவர் காத்தவராயன் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். நாயோ நல்ல கறுப்பு லேப்ரடார். முதலில் அதை வளர்த்தது டவுனில் பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கிய ஒரு குடும்பம். கறுப்புக்குப் பிரெஞ்சில் என்ன சொல்லோ அதையே, நுவார் என்று பெயராக வைத்திருந்தார்கள். அவர்கள் பிரான்சுக்குக் குடிபோனபோது, வீட்டுக்கு மீன் கொண்டுவந்த அஞ்சலாட்சியிடம் நாயை விட்டுப் போனார்கள். குப்பத்துக்கு வந்ததும் நுவார் நவாரு ஆகிவிட்டது.

அன்றைக்கு மீன் வண்டியிலிருந்து அவன் இறங்கி நடந்து வந்தான். அஞ்சலாட்சியின் முழங்காலை உரசிக்கொண்டே வந்தான். நான் பாசம் என்று நினைத்தேன். டாக்டரம்மா கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"மாப்ள பாக்க வந்துட்டாங்கோ டாக்டரம்மா!" அஞ்சலாட்சி வெற்றிலை போட்ட வாயோடு சிரித்தார். "தட்டுல பூ, பழம், வெத்தல எல்லாம் வெச்சு முறையா வந்து கேட்டாங்க. நானும் தாம்பூலம் மாத்திட்டேன். நீங்க ஒரு தபா பாத்து ஊசி கீசி போட்டு உட்டீங்கன்னா முடிச்சிடலாம்."

"இவன் குட்டிக்கு அவ்வளவு கிராக்கியா?"

"குப்பத்துல பாதி வூடு சொல்லி வெச்சிருக்குது. இவன் கண்ணு அப்படி. காலையில தொழிலுக்குப் போன போட்டெல்லாம் திரும்புற நேரத்துல கரையில போயி குந்திக்குவான். எங்க வூட்டுக்காரர் போட்டு வர்றப்போ எழுந்து நிப்பான். மனுசன் கண்ணுக்கு அங்க ஒண்ணுமே தெரியாது, வெறும் தண்ணி. அப்புறம் பாத்தா புள்ளியா போட்டு வரும். அன்னைக்கு ஒரு நாள் திடீர்னு காத்து எடுத்துக்கிச்சு. பொம்பளைங்க எல்லாம் கரையில உழுந்து அழுவுறோம். இவன் எழுந்தான். எழுந்ததும் எனக்கு அழுகை நின்னு போச்சு."

சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இவனுக்கும் வயசு ஆவுது. இவன் போயிட்டா அவரு வர்றத எனக்கு யாரு சொல்லுவா? அதான் இவன் ரத்தத்துல ஒண்ணு வேணும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்து முக்காலியைக் கண்ணால் காட்டினார். நான் அதைச் சத்தமில்லாமல் எடுத்து வழியில் வைத்தேன். அஞ்சலாட்சியை அந்தப் பக்கம் நின்று கூப்பிடச் சொன்னார். நவாரு நேராக நடந்து முக்காலியில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

"புது எடம். வெக்கப்படறான்" என்றார் அஞ்சலாட்சி.

மேசையில் ஏற்றிப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்துக் கீழே விட்டார். பஞ்சு விழும்போது சத்தம் வராது, காற்றும் அசையாது. கண் தெரிகிற நாய் அதைத் தொடர்ந்து தலையைக் குனியும். நவாரு குனியவில்லை. மறுபடியும் விட்டார். பஞ்சு அவன் கால் விரலுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாவிக்கொத்தை விரலால் லேசாக அசைத்தார். அவன் காதும் முகமும் அந்தப் பக்கம் திரும்பிய வேகம் என் கன்னத்தில் அடித்தது.

விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை எடுத்தார். ஒளி பட்டதும் அவன் கண் பச்சையாக எரிந்தது. "பாருங்க, ராத்திரியில டார்ச் லைட் கணக்கா மின்னும்" என்று அஞ்சலாட்சி இருட்டில் பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஏழுமலை, நீங்களும் பாருங்க" என்று அவனைத் தான் பிடித்துக்கொண்டு கருவியை என்னிடம் நீட்டினார்.

இத்தனை காலம் எத்தனையோ கண்களைப் பிடித்துக் காட்டியிருக்கிறேன். உள்ளே பார்த்தது அதுதான் முதல் முறை. ஒரு கண்ணுக்குள் அவ்வளவு பெரிய இடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நனைந்த மணலில் வெயில் விழுந்தால் கூசுமே, அப்படி ஒரு தரை மின்னியது. "அதுக்கு மேல சிவப்பு நரம்புங்க கிளை கிளையா ஓடணும். தெரியுதா?" என்று கேட்டார். தேடினேன். ஓரத்தில் முடியைவிட மெலிதாக ஒன்றிரண்டு இருந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் மின்னல். பின்னால் இருக்கும் திரை மெலிந்து போனதால்தான் கண் அப்படி மின்னுகிறது என்று பிறகு விளக்கினார். குப்பம் முழுக்க எதைப் பார்வை என்று நம்பியதோ, அதுதான் நோயின் அடையாளம்.

விளக்கைப் போட்டார்.

"அஞ்சலாட்சி, இவனுக்குப் பார்வை போயிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. அதான் உங்களுக்குத் தெரியல."

அஞ்சலாட்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம். "இன்னா பேசறீங்க? எங்க குப்பத்துக்கே கண்ணு இவன்தான்!"

டாக்டரம்மா வாதாடவில்லை. பஞ்சை அவர் கையிலேயே கொடுத்தார். அஞ்சலாட்சி ஒரு முறை போட்டார். குனிந்து எடுத்து மறுபடியும் போட்டார். அதற்குப் பிறகு பஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"பொண்ணு எந்த ஊரு?" என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"அசல் இல்ல. தவளக்குப்பத்துல ஹார்டுவேர் கடை வெச்சிருக்காரு முருகையன் மாமா. இவன் கூடப் பொறந்த அக்காவ அந்த பிரெஞ்சு வூட்லேருந்து அவர்தான் வாங்கினாரு. அதோட மவ. அக்கா மவ, மாமன் முறை. எனக்கும் எங்க வூட்டுக்காரர் தாய்மாமன்தான டாக்டரம்மா. சொந்தத்துல குடுத்தா ரத்தம் கெட்டியா இருக்கும்."

இதைக் கேட்டு டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அஞ்சலாட்சிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மனுஷங்க முறையைப் பத்தி நான் பேசல. நாய்க்கு மட்டும் சொல்றேன். ஒவ்வொரு குட்டிக்கும் அப்பன்கிட்டேருந்து பாதி, ஆத்தாகிட்டேருந்து பாதி வருது. இந்தக் கண் நோய் ரெண்டு பாதியிலயும் இருந்தாத்தான் வெளிய வரும். ஒரு பாதியில இருந்தா தூங்கும். இவன்கிட்ட ரெண்டுலயும் இருக்கு. அக்காகிட்டயும் அக்கா மகள்கிட்டயும் ஒரு பாதியில தூங்கிட்டு இருக்கலாம். சேர்த்து வெச்சா, பொறக்கிற குட்டியில பாதிக்குக் கண்ணு போகலாம்."

"அசல்ல பண்ணா?"

"குட்டிங்க தப்பிக்கலாம். ஆனா ஒவ்வொண்ணுகிட்டயும் தூங்கிட்டு இருக்கும். உங்க குப்பத்துல பாதி வீட்டுக்குப் போற குட்டிங்க அப்புறம் தங்களுக்குள்ளயே சேரும் இல்ல?"

அஞ்சலாட்சி நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "சரி. கண்ணு இல்லாதவன் எப்படி போட்டு வர்றத சொல்றான்?"

"எனக்குத் தெரியல" என்றார் டாக்டரம்மா. "வந்து பார்க்கலாமா?"

அவன் ரத்தத்தை எடுத்துப் பரிசோதனைக்கு வெளியூருக்கு அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் குப்பத்துக்குப் போனோம். முருகையன் எங்களுக்கு முன்பே அங்கே இருந்தார். மாப்பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்ற செய்தி கேட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் மணலில் நின்றுகொண்டிருந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், "டாக்டரம்மா, மாப்ளைக்குக் கண்ணாடி போட்டு உடுங்க" என்று கிண்டல் செய்தார்கள்.

நவாரு ஈர மணலுக்குச் சற்று மேலே உட்கார்ந்திருந்தான். டாக்டரம்மா அஞ்சலாட்சியிடம் கேட்டுவிட்டுத் தன் கைக்குட்டையால் அவன் கண்களை லேசாகக் கட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் ஒரே மாதிரி படகு, ஒரே மாதிரி எஞ்சின். ஒவ்வொரு படகுக்கும் அவன் தோல் கொஞ்சம் சிலிர்த்து அடங்கியது. எழவில்லை. கிண்டல் செய்தவர்களும் வலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார்கள்.

கடலில் ஒன்றுமில்லாத ஒரு நேரத்தில் அவன் முதுகு என் கைக்குக் கீழே இறுகியது. மூச்சு நின்றது. பிறகு எழுந்தான். கட்டிய கண்களோடு தென்கிழக்குப் பக்கம் முகத்தை வைத்து நின்றான். வால் மட்டும் மெதுவாக ஆடியது.

நான் பார்த்தேன். அலையும் வெளிச்சமும்தான் இருந்தன. டாக்டரம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். கண் தெரிந்த நாங்கள் அத்தனை பேரும், கண் தெரியாத ஒரு நாய் காட்டிய திசையில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கால் வலிக்கத் தொடங்கிய பிறகு ஒரு புள்ளி தெரிந்தது. அது படகாகிக் கரைக்கு வந்தபோது முன்னால் காத்தவராயன் நின்றிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

முதலில் பேசியது முருகையன். "கண்ணு போனா போவுது டாக்டர். இந்தக் காது இருக்குதே! காதுக்காகவே பண்ணலாமே. வர்ற குட்டிக்கு இதுல பாதி வந்தாலும் போதும்."

எனக்கும் மனதுக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

"காது வருமான்னு கேட்டா தெரியாதுன்னுதான் சொல்வேன்" என்றார் டாக்டரம்மா. "அது ரத்தத்துல வந்ததா, தினமும் இங்க உக்காந்து இவனாப் பழகினதான்னு எனக்குச் சொல்லத் தெரியல. கண் நோய் வரும்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும்." பிறகு அஞ்சலாட்சியைப் பார்த்து, எல்லோரிடமும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்காமல், "நீங்க முடிவு பண்றதுதான்" என்று விட்டுவிட்டார்.

அஞ்சலாட்சி நாயின் கண்கட்டை அவிழ்த்தார். அதன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து கண்ணுக்குள் பார்த்தார். காத்தவராயன் கரையில் என்ன பேச்சு ஓடுகிறது என்று புரியாமல் கையில் மீன் கூடையோடு நின்றார்.

"வேணாம் மாமா" என்றார் அஞ்சலாட்சி.

"தாம்பூலம் மாத்திட்டு வேணாம்ன்றியே?"

"மாத்தின தாம்பூலத்த நானே வந்து உன் வூட்ல குடுத்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். கோச்சிக்காத. கண்ணு தெரியாத புள்ளைங்கள பெத்துப் போட்டுட்டு, அதுல ஒண்ணாவது என் போட்டைச் சொல்லும்னு நான் குந்தியிருக்க முடியாது."

முருகையன் போய்விட்டார். ரத்தப் பரிசோதனை முடிவும் டாக்டரம்மா சொன்னபடியே வந்தது. குப்பத்தில் நாய்கள் அவிழ்ந்து திரிகிற இடம் என்பதால், தானாகச் சேர்ந்துவிடாமல் இருக்க நவாருக்கு அறுவை செய்தோம். நான்தான் பிடித்துக்கொண்டேன். மயக்க மருந்து ஏறும்வரை அவன் காது என் கன்னத்துக்குக் கீழே அசைந்துகொண்டே இருந்தது. சில வாரம் கழித்து முருகையனும் தன் பெண் நாயைக் கூட்டிக்கொண்டு, வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். அதன் ரத்தத்திலும் அந்தப் பாதி தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் குட்டி வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

வேலையை விட்ட பிறகு நான் ஒரு நாள் காலையில் பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த நாயை மறுபடியும் பார்க்கவேண்டும் போலிருந்தது. நவாருக்கு முகவாயெல்லாம் நரைத்திருந்தது. அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அஞ்சலாட்சி முந்தானையால் தலையைப் போர்த்துக்கொண்டு, ஒரு கையை அவன் முதுகில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துச் சற்றுத் தள்ளி நின்றேன்.

"தூங்கல அண்ணே. வா, குந்து" என்றார் கண்ணைத் திறக்காமலே. "குட்டி இல்லன்னு ஆயிடுச்சு. இவன் போனப்புறம் யாரு சொல்றதுன்னு யோசிச்சேன். அப்பலேருந்து தெனமும் இவன்கூட இப்படியே குந்திக்கறேன். இவன் முதுகு இறுகுறப்போ இன்னா கேக்குதுன்னு நானும் கேக்கறேன்."

"கேட்டுச்சா?"

"ரொம்ப நாளு ஒண்ணும் கேக்கல. வெறும் அலை. பைத்தியம்னு சிரிச்சாங்கோ."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். படகுகள் வந்தன, மீனை இறக்கினார்கள். பிறகு கடல் காலியாக இருந்தது.

அஞ்சலாட்சி எழுந்தார். அவர் கை நாயின் முதுகில் இல்லை. அதை எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. "அவருதான்" என்றார். "அவரு எஞ்சின் மட்டும் இழுத்து இழுத்துப் பேசும்." அவர் சொல்லி முடிக்கும்போதுதான் நவாரு எழுந்து நின்றான்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எனக்கு அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர்கள் இருவரும் ஒரே திசையில் முகத்தை வைத்து நின்றார்கள். வெகுநேரம் கழித்துத் தென்கிழக்கில் ஒரு புள்ளி தெரிந்தது.

எழுதி முடித்தது: மார்கழி பதினோராம் தேதி, வெள்ளிக்கிழமை.